அடுத்த வாட்ச் எது? பட்ஜெட் ஆறு லட்சம், மணிக்கட்டு ஆறரை இன்ச், ஊரு தண்டையார்பேட்ட

தண்டையார்பேட்ட தாஸ்:

வணக்கம் மக்களே. இத்தன நாளா ஓரமா உக்காந்து படிச்சிகினு இருந்தேன், இப்ப ஒரு முடிவுக்கு வர முடியாம மண்ட காயுது, அதான் கேக்குறேன். பாரிஸ் கார்னர்ல கஸ்டம்ஸ் கிளியரிங் வேல, காலைல பைக்ல ஆபீஸ், மத்தியானம் ஹார்பர் இல்லன்னா மணலி பக்கம் கன்டெய்னர் யார்டு, சாயங்காலம் திரும்ப அதே டி.எச். ரோடு. ஏசி ரூம்ல மட்டும் வாட்ச் கட்டுற ஆள் கெடையாது, வேர்வ, புழுதி, உப்புக்காத்து எல்லாம் உண்டு.

இப்ப பொட்டில இருக்கிறது அப்பாவோட எச்எம்டி ஜனதா, கல்யாணத்துக்கு மாமனார் வீட்ல போட்ட டைட்டன் எட்ஜ், சீகோ டர்ட்டில், டிஸ்ஸாட் பிஆர்எக்ஸ் நீல டயல், கடைசியா வாங்குனது லாஞ்சின்ஸ் ஹைட்ரோகான்குவெஸ்ட் கறுப்பு. ஒரு சீட்டு முடியுது, ஆறு லட்சம் வரைக்கும் போலாம்னு வீட்ல பேசி வெச்சிருக்கேன், இன்னா பேசுனேன்னு மட்டும் கேக்காதீங்க.

மனசுல ஓடுறது டியூடர் பிளாக் பே 58, ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300, ஒமேகா அக்வா டெர்ரா 38, கிராண்ட் சீகோ ஸ்னோஃப்ளேக். இந்த நாலுல சீமாஸ்டர் மேலதான் கண்ணு அதிகமா போவுது, அந்த அலை அலையா இருக்கிற செராமிக் டயல் ஒரு மாதிரி இழுக்குது. ரோலெக்ஸ் சப்மரீனர் வேணாம், பட்ஜெட்டும் பத்தாது, லிஸ்ட்ல பேர எழுதிட்டு போன் வருமான்னு காத்திருக்கவும் பொறும இல்ல. விக்கிறதுக்காக வாங்கல, கட்டுறதுக்குத்தான். எது எடுக்கலாம், ஏன்னு கொஞ்சம் வெவரமா சொல்லுங்க. எல்லாரும் "மனசுக்குப் புடிச்சத வாங்கு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, மனசுக்கு நாலுமே புடிச்சிருக்கு.

மிண்ட் மணி:

தாஸ், உன் லிஸ்ட்ட ஒரு தடவ நீயே திரும்பப் படி. டர்ட்டில் டைவர், அதாவது தண்ணிக்குள்ள முங்குறவங்களுக்குன்னு பண்ண வாட்ச், லாஞ்சின்ஸும் டைவர், இப்ப கண்ணு போறது இன்னொரு டைவர். கறுப்பு டயல், அத சுத்தி திருகுற வளையமா பெசல், புள்ளி புள்ளியா இருட்டுல மின்னுற லூம். எம்.சி. ரோட்ல ஒரே சட்டைய மூணு கடைல எடுத்த மாதிரி ஆயிடும், வெல மட்டும் ஏறிகினே போவும். சீமாஸ்டர் நல்ல வாட்ச்தான், 1993ல வந்ததுலேருந்து ஓடிகினு இருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனா உன் பொட்டில அது வந்து ஒக்காந்தா முதல்ல சாகப்போறது லாஞ்சின்ஸ், அத அப்பறம் நீ கைல எடுக்கவே மாட்டே. புதுசா ஒண்ணு வாங்குறதும் பழசு ஒண்ண பீரோக்குள்ள தூங்க வெக்கிறதும் ஒரே செலவுல நடக்கும், அது தேவையா?

அதோட அளவு. ஆறரை இன்ச் கைனா சுத்தளவு சுமார் 165 எம்எம். சீமாஸ்டர் 42 எம்எம், செயின் மாட்டுற மேல் காதுலேருந்து கீழ் காது வரைக்கும் கிட்டத்தட்ட 50 வரும். டர்ட்டில் அதவிட அகலம்தான், ஆனா அதோட காது குட்டையா கீழ வளைஞ்சு போவும், அதனால கைல அடங்கும். வாட்ச் அகலத்த மட்டும் பாத்து வாங்குற ஆளுங்க எல்லாம் இங்கதான் மாட்டுறாங்க. கடைல கட்டிப் பாக்கும்போது மேலேருந்து குனிஞ்சு பாக்காத, கைய தொங்கவிட்டு எதிர்ல இருக்கிற கண்ணாடில பாரு, காது மணிக்கட்டத் தாண்டி வெளில நீட்டுதான்னு அப்பதான் தெரியும்.

பத்து மணி பக்கம் ஒரு கூடுதல் திருகு இருக்கே, அது ஹீலியம் வால்வு. கடலுக்கடில ப்ரெஷர் சேம்பர்ல நாள்கணக்கா தங்குற டைவருங்களுக்கு, மேல வரும்போது உள்ள பூந்த ஹீலியம் வெளிய போறதுக்கு. மணலி யார்டுல அதுக்கு இன்னா வேல?

என் ஓட்டு அக்வா டெர்ராக்கு. 150 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ஸ், மழைல நனஞ்சாலும் கவலப்படத் தேவையில்ல. 38 எம்எம் உன் கைக்கு அளவா இருக்கும். உள்ள 8800 மெஷின், சீமாஸ்டர் டைவர் 300ல இருக்கிற அதேதான், முழுசா சாவி ஏறுனா 55 மணி நேரம் ஓடும். ஒரு நாளைக்கு பூஜ்யத்துலேருந்து அஞ்சு செகண்டுக்குள்ள முன்னால போலாம், பின்னால போவக்கூடாதுன்னு டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறாங்க. 15,000 காஸ் காந்தம் வரைக்கும் தாங்கும். இது உனக்கு முக்கியம், ஏன்னா நீ பைக் டேங்க் மேல ஒட்டுற காந்தப் பை வெச்சிருப்பே, இல்லன்னா காந்தம் வெச்ச மொபைல் கவர் வெச்சிருப்பே. சாதா ஆட்டோமேட்டிக் அதுமேல பட்டா திடீர்னு நாளைக்கு நிமிஷக்கணக்குல முன்னால ஓடும், ஆளு மெஷின் கெட்டுடுச்சுன்னு பயந்து தூக்கினு ஓடுவான். காந்தத்த எடுத்துட்டா சரியாயிடும், அது ரெண்டு நிமிஷ வேல.

காசிமேடு செல்வம்:

மணி அண்ணா சொல்றது கரெக்டு, ஆனா ஒண்ணு சொல்றேன், எங்க ஏரியால படகுல போறவன் எவனும் டைவர் வாட்ச் கட்டினு போவல. கேசியோ, அதுவும் கண்ணாடில கீறல் விழுந்தது. தண்ணிக்குள்ள போறது பிரச்சனயே இல்லபா, உப்புதான் பேஜாரு. ஸ்டீல் செயினு இடுக்குல உப்பும் வேர்வையும் சேந்து ஒரு கறுப்பு பேஸ்ட் மாறி ஒக்காரும் பாரு, கலீஜா நாறும், கைல அரிப்பு வரும். எந்த வாட்ச் வாங்குனாலும் சரி, கிரவுன், அதான் பக்கத்துல சாவி குடுக்குற திருகு, நல்லா திருகி மூடியிருக்கான்னு பாத்துட்டு வாரத்துக்கு ஒரு தபா சாதா தண்ணில பழைய டூத் பிரஷ் வெச்சு கழுவு, ஆறு லட்சம் ரூபா வாட்சாச்சேன்னு தொடாம வெச்சிருந்தீன்னா அதுதான் கெட்டுப் போவும். வாட்டர் ரெசிஸ்டன்ஸ்ன்றது ஆயுசுக்கும் எழுதி குடுத்தது இல்ல, உள்ள இருக்கிற ரப்பர் காஞ்சிடும், சர்வீஸ் விடும்போது ப்ரெஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லு.

லெதர் பட்டை வேணவே வேணாம். மே மாசத்துல அது தோல் பட்டை இல்ல, ஊறுன தோலு.

என்னக் கேட்டா 58தான். டைவர்தான், இல்லன்னு சொல்லல, ஆனா 39 எம்எம், 12 எம்எம்க்குள்ள மெல்லிசு, தேதி கூட கெடையாது, சும்மா நச்சுனு இருக்கும். 1958ல டியூடர் பண்ண 200 மீட்டர் வாட்ச்ச மனசுல வெச்சு 2018ல எறக்குனது, அதான் பேர்ல 58. 70 மணி நேரம் ஓடும், வெள்ளிக்கெழம நைட்டு கழட்டி வெச்சா திங்கக்கெழம காலைல அப்பயும் ஓடிகினு இருக்கும். பாத்தவுடனே எவனுக்கும் வெல தெரியாது. கொருக்குப்பேட்ட கேட்ல நிக்கும்போது நாலு பேரு கைய பாக்குற மாறி ஒண்ண கட்டினு நிக்காதபா.

தண்டையார்பேட்ட தாஸ்:

மணி அண்ணா, ஹீலியம் மேட்டர்ல கலாய்ச்சிட்டீங்க, ஓகே. டேங்க் பை நெசமாவே இருக்கு, எப்படி கண்டுபுடிச்சீங்கன்னு தெரியல. சீமாஸ்டர இப்போதைக்கு தள்ளி வெக்கிறேன். ஆனா செல்வம் சொன்ன 58யும் டைவர்தானே, மூணாவது டைவர் ஆயிடாதா? ஸ்னோஃப்ளேக் பத்தி யாருமே வாயத் தொறக்கலியே.

பெரம்பூர் குவார்ட்ஸ்:

நான் தொறக்கிறேன். மூணு வருஷமா கிராண்ட் சீகோ கட்டுறேன், அதனால நான் சொல்றதுல கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், கழிச்சிக்கோங்க.

ஸ்னோஃப்ளேக் உள்ள இருக்கிறது ஸ்பிரிங் டிரைவ். சக்தி குடுக்கிறது முறுக்குன ஸ்பிரிங்தான், பேட்டரி கெடையாது. மத்த மெக்கானிக்கல் வாட்ச்ல பேலன்ஸ் வீல் இப்படியும் அப்படியும் ஆடி நேரத்த வெட்டி வெட்டிக் குடுக்கும்ல, இதுல அது இல்ல. ஒரு சக்கரம் ஒரே பக்கமா செகண்டுக்கு 8 சுத்து சுத்தும், அது சுத்துறதுலயே துளியூண்டு கரன்ட் வரும், அந்தக் கரன்ட்ல ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் ஓடும், சக்கரம் வேகம் எடுத்தா காந்தத்தாலயே பிரேக் போடும். அதனாலதான் செகண்ட் முள்ளு டிக் டிக்னு குதிக்காம வழுக்கினு போவும். மாசத்துக்கு 15 செகண்ட்தான் முன்னபின்ன. 1977ல யோஷிகாஸு அகாஹானேன்ற இஞ்சினியர் இந்த ஐடியாவ புடிச்சாரு, கடைக்கு வந்தது 1999ல. இருவது வருஷத்துக்கு மேல ஒரு விஷயத்த விடாம நோண்டியிருக்காங்கன்னா அந்தக் கம்பெனி மேல ஒரு மரியாத வருது.

டயல்ல இருக்கிறது பெயின்ட் மாதிரி வழவழப்பா இருக்காது, பனி விழுந்து காத்துல லேசா மேடு பள்ளமான தரை மாதிரி இருக்கும், ஜப்பான்ல ஷின்ஷு பக்கம் இந்த வாட்ச் செய்யிற ஸ்டூடியோவ சுத்தி விழுற பனிய பாத்து செஞ்சது. நம்ம ஊர்ல பனி எங்க, மார்கழில காலைல கொஞ்சம் புகை மாதிரி வரும், அதுவும் எண்ணூர் பக்கம்னா அது பனியா இல்லியான்னு சந்தேகம். போட்டோல பாத்து முடிவு பண்ணாத, போட்டோல வெறும் வெள்ள டயல்தான். நேர்ல, ஜன்னல் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்.

இப்ப கழிக்கிற பக்கம். டைட்டானியம், அதனால 41 எம்எம் இருந்தாலும் கைல இருக்கிறதே தெரியாது, வேர்வைக்கும் உப்புக்கும் ஸ்டீல விட நல்லது. ஆனா அந்தக் கொக்கில செயின துளித்துளியா லூசு டைட்டு பண்ற மைக்ரோ அட்ஜஸ்ட் இல்ல. இது ஜப்பான்ல குளிர்ல சின்ன குறை, சென்னைல பெரிய குறை. காலைல ஏசில இருக்கும்போது கரெக்டா இருக்கிற செயின், மத்தியானம் ரெண்டு மணிக்கு கன்டெய்னர் யார்டுல நிக்கும்போது கை வீங்கி இறுக்கும். ஒரு லிங்க் சேத்தா லூசு, எடுத்தா டைட்டு. வெயில் காலம் பூரா இதே கதைதான். பேர் வெச்சது குவார்ட்ஸ்னாலும் ஸ்பிரிங் டிரைவ்தான் கட்டுறேன், ஆனா தாஸ் வேலைக்கு தெனம் கட்ட நான் இத சொல்ல மாட்டேன். ஆபீஸ்லயே உக்காந்திருக்கிற ஆளுன்னா கண்ண மூடிட்டு வாங்குன்னுருப்பேன்.

இன்னொண்ணு, ரிப்பேர்னா தெரிஞ்ச கடைக்காரர்கிட்ட குடுத்து தொறக்கச் சொல்ற வாட்ச் இல்ல இது. கம்பெனிக்குத்தான் போவணும், காத்திருக்கணும்.

வியாசர்பாடி வாணி:

நாலு பேர் பேசியாச்சு, நாலு பேரும் வட்டத்துக்குள்ளயே சுத்தினு இருக்கீங்க. தாஸ் அண்ணா, பிஆர்எக்ஸ தவிர உங்ககிட்ட இருக்கிறது எல்லாமே வட்டம், அது கூட பீப்பா மாதிரி கேஸுக்குள்ள வட்டம்தான். ஒரு சதுரம் ஏன் இருக்கக்கூடாது?

கார்டியர் சான்டோஸ் மீடியம் கட்டிப் பாத்தீங்களா? பேரக் கேட்டவுடனே அது லேடீஸ் பிராண்டுன்னு சொல்றவங்களுக்கு ஒரு சேதி. 1904ல சான்டோஸ் டூமோன்ட்னு பிரேசில்காரர் ஒருத்தர், பெரிய பலூன் மாதிரி ஆகாயக் கப்பல் ஓட்டும்போது பாக்கெட்லேருந்து வாட்ச்ச எடுத்துப் பாக்க முடியலன்னு நண்பர் லூயி கார்டியர்கிட்ட சொல்லப்போய் அவருக்காகச் செஞ்சது. ஆம்பளைங்க பாக்கெட் வாட்ச் வெச்சிருந்த காலத்துல கைல கட்டுறதுக்குன்னே வேலைக்காக பொறந்த வாட்ச். பெசல் மேல தெரியிற ஸ்க்ரூ எல்லாம் அந்த மெஷின் காலத்து அழகு. ஹார்பர்ல கிரேனையும் கன்டெய்னரையும் தெனம் பாக்குற ஆளுக்கு இதவிட பொருத்தமா என்ன இருக்கு சொல்லுங்க.

வேலைக்கு ஆவுமான்னா, 100 மீட்டர் ரெசிஸ்டன்ஸ் இருக்கு. 2018ல புதுசா எறக்குனப்ப ரெண்டு வேல பண்ணாங்க. செயின்ல ஒவ்வொரு லிங்க்குக்கும் பின்னால சின்ன பட்டன் மாதிரி, அத அமுக்கி டூல் இல்லாம நீங்களே லிங்க்க கழட்டலாம், மாட்டலாம். கீழ இன்னொரு பட்டன் அமுக்குனா செயின் முழுசா வந்துடும், பட்டை மாட்டிக்கலாம். குவார்ட்ஸ் அண்ணா சொன்ன வீக்கத்துக்கு இது பாதி மருந்து, முழு மருந்து இல்ல, ஏன்னா ஒரு லிங்க்கே கொஞ்சம் பெரிசுதான். பெசல் பளபளன்னு இருக்கும், சீக்கிரம் கோடு விழும், இத சொல்லாம விட்டா நியாயம் இல்ல. எனக்கு அந்தக் கோடு புடிக்கும், எல்லாருக்கும் புடிக்காது.

ஆசைக்கு ஒண்ணு சொல்லட்டா, ரிவர்சோ. ஜேஜர் லெகூல்தர். 1930 வாக்குல இங்க இந்தியால இருந்த பிரிட்டிஷ் ஆபீசருங்க போலோ ஆடும்போது கண்ணாடி ஒடஞ்சிகினே இருந்துச்சாம், அதுக்காக டயல அப்படியே புரட்டி உள் பக்கமா திருப்பிக்கிற மாதிரி கேஸ் பண்ணி 1931ல பேட்டன்ட் வாங்குனாங்க. நம்ம நாட்டு வெயில்ல மண்ணுல பொறந்த பிரச்சனைக்கு சுவிஸ்ல விடை கண்டுபுடிச்சிருக்காங்க. ஆனா அது 30 மீட்டர்தான், 30 மீட்டர்னா முப்பது மீட்டர் ஆழம் இல்ல, கை கழுவலாம் அவ்ளோதான். உங்க மழைக்கும் பைக்குக்கும் ஆவாது. பாத்து ரசிச்சுட்டு வாங்க.

மிண்ட் மணி:

சான்டோஸ் எனக்குத் தோணவே இல்ல. நல்ல கை வாணி.

ஓட்டேரி ஓனர்:

எது வாங்குறதுன்னு நீங்க சண்ட போடுங்க, எப்படி வாங்குறதுன்னு நான் சொல்றேன். ரெண்டு லட்சத்துக்கு மேல போனா பான் நம்பர் குடுத்தே ஆவணும், ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா ஒரு கடைக்காரன் வாங்கவே கூடாது, வாங்குனா அவனுக்கு அதே அளவுக்கு அபராதம். அதனால "கேஷ்னா பதினஞ்சு பர்சன்ட் கொறைக்கிறேன் தலைவா, பில்லு வேணாம்"னு எவனாவது சொன்னா நன்றி சொல்லிட்டு வெளில வந்துடு. பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்புட போ, ஆறு லட்சம் ரூபா வாட்ச் தேடிப் போவாத.

செகண்ட் ஹேண்ட் பாக்குறதா இருந்தா வாட்ச்சோட காது ஓரத்த பாரு. ஃபேக்டரிலேருந்து வரும்போது கத்தி மாதிரி இருக்கிற கோடு, நாலு தடவ பாலிஷ் பட்டா சோப்பு மாதிரி உருண்டுடும், திரும்ப வராது. பொட்டி, வாரன்டி கார்டு, சீரியல் நம்பர் மூணும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். ஒமேகா, டியூடர் ரெண்டுமே புதுசுக்கு அஞ்சு வருஷம் வாரன்டி, அதுல எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாத்துதான் வெல பேசணும். எனக்கு ஒரு கடைல "கார்டு வீட்ல இருக்கு, நாளைக்குத் தரேன்"னு சொன்னாங்க, அந்த நாளைக்கு இன்னும் வரல, நல்லவேள அட்வான்ஸ் குடுக்கல.

சர்வீஸ் செலவையும் இப்பவே ஒதுக்கி வெய்யி. ஒமேகாகாரங்களே அஞ்சுலேருந்து எட்டு வருஷத்துக்கு ஒரு தடவன்னு சொல்றாங்க. வாங்குற அன்னிக்கே முழு சீட்டுக்காசையும் வாட்ச்ல கொட்டிட்டு நிக்காத.

தண்டையார்பேட்ட தாஸ்:

ஓனர் அண்ணா, துபாய்ல வாங்கினு வந்தா கம்மியாவும்னு ஆபீஸ்ல நாலு பேரு சொல்றாங்க. ட்யூட்டி இல்லாம கொண்டு வர்ற அலவன்ஸ் தாண்டுனா ஏர்போர்ட்ல ரெட் சேனல்ல போய் ட்யூட்டி கட்டணும், கட்டுனா லாபம் ஒண்ணும் மிஞ்சாது, கட்டாம கிரீன் சேனல்ல வர்றதுக்கு நான் இந்தத் தொழில்லயே இருந்துட்டு மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது. அப்பறம் 2025 அக்டோபர் 1லேருந்து சுவிட்சர்லாந்து கூட போட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருக்கு, சுவிஸ் வாட்ச் ட்யூட்டி வருஷா வருஷம் படிப்படியா இறங்குது. அதுக்காக கடை வெலையும் இறங்கும்னு காத்திருக்கல, சுவிஸ் காசு பிராங்க் ஏறுனா எல்லாம் சமமாயிடும். பொட்டி எறங்குற எடத்துல வேல பாக்குறதால சொல்றேன், பேப்பர்ல ட்யூட்டி கொறஞ்சது எல்லாம் கடைல கொறஞ்சதா நான் பாத்தது ரொம்பக் கம்மி.

வாணி, நீங்க சொன்னதும் நேத்து சாயங்காலமே மவுன்ட் ரோடு பக்கம் போய் சான்டோஸ் மீடியம் கட்டிப் பாத்தேன். ஆஃபீஸ் சட்டையோட கைல இருக்கும்போது வேற ஆள் மாதிரி இருக்கு, பொய் சொல்லல. வெல நான் நெனச்சதுக்கு மேல, ஆனா சீட்டுக்காசோட கொஞ்சம் சேத்தா எட்டும். அக்வா டெர்ரா 38யும் பக்கத்துலயே கட்டிப் பாத்தேன், அதுல குறை கண்டுபுடிக்கவே முடியல, அதான் அதோட குறையும்னு தோணுது. 58 இன்னும் பாக்கல.

காசிமேடு செல்வம்:

58 பாக்காமயே சான்டோஸுக்கு போறியா, சரி போ. சனிக்கெழம நானும் வரேன், ரெண்டையும் ஒரே நாள்ல கட்டிப் பாரு. கட்டுனப்பறம் கைய நல்லா ஒதறு, ஹெல்மெட் மாட்டி கழட்டிப் பாரு, ரெயின் கோட் கைக்குள்ள போவுதான்னு பாரு. கடைக்காரன் மொறப்பான், மொறைக்கட்டும், காசு உன்னுது.

மிண்ட் மணி:

ஒண்ணு மறந்துட்டேன். ஆறு லட்சத்துல ஒரு சின்ன தொகைய எடுத்து அப்பாவோட ஜனதாவ சர்வீஸ் பண்ணு. எச்எம்டி வாட்ச் ஃபேக்டரி 1961ல ஜப்பான் சிட்டிசன் கூட சேந்து பெங்களூர்ல ஆரம்பிச்சது, 2016ல இழுத்து மூடியாச்சு, ஒரிஜினல் பார்ட்ஸ் வர வர கொறையுது. எண்ணெய் காஞ்சு போயிருந்தா ஓட விடாத, பல்லு தேயும். டயல் மங்கலா இருந்தா இருக்கட்டும், புதுசா பெயின்ட் அடிச்சுத் தரேன்னு சொல்வாங்க, விடாத. அடிச்சா அது உங்கப்பா கட்டுன வாட்ச்சா இருக்காது.

தண்டையார்பேட்ட தாஸ்:

ஜனதா ஓடல அண்ணா, ரொம்ப வருஷமா. கொண்டு போறேன், தெரிஞ்ச கடை இருந்தா தனியா மெசேஜ் போடுங்க.

இன்னொரு சந்தேகம், சான்டோஸ்ல முழு ஸ்டீலும் இருக்கு, பெசல் மட்டும் தங்கம் போட்டதும் இருக்கு. வீட்டம்மாக்கு தங்கம் கலந்ததுதான் புடிச்சிருக்கு, "இவ்ளோ காசு போடுற, தங்கமாவது இருக்கட்டும்"ன்றாங்க.

வியாசர்பாடி வாணி:

முழு ஸ்டீல். யார்டுல தங்கம் கட்டினு நிக்காதீங்க. அண்ணிக்கு தனியா ஒரு தங்கம் வாங்கிக் குடுத்துடுங்க, பேச்சு முடிஞ்சிடும்.

காசிமேடு செல்வம்:

அப்ப பட்ஜெட் எட்டு லட்சம்னு மாத்தி எழுதுபா.